ஐந்தில் நான்கு பேருக்கு ஒன்றுமில்லை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவி என்னைக் கேட்ட கேள்வி, உன் கடிதத்தைப் படித்ததும் நினைவுக்கு வந்தது. பின்னக் கணக்கை நடத்தி முடித்துவிட்டு, "புரியாதவங்க கை தூக்குங்க" என்றேன். ஒரு கைகூட எழவில்லை. பெருமையோடு கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினேன். கடைசி பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள். "சார், எது புரியலைன்னே புரியாதவங்க எதைத் தூக்கணும்?" வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. காது பழையபடிதான். போனில் நீ கத்துவது எதிர்வீட்டுக்கு நன்றாகக் கேட்கிறது, எனக்குத்தான் கேட்பதில்லை. ஆகவே கடிதமே நமக்கு நல்லது. உங்கள் கோழி இறைச்சி ஆலையின் வண்டி தினமும் இந்தப் பக்கம் வருவதும், ஓட்டுநர் ஹாரன் (அவருக்கு இந்தத் தெரு வைத்த பெயர், காரணம் தெரு முழுக்கத் தெரியும்) தபால்காரர் வேலையையும் சேர்த்துப் பார்ப்பதும் நம் அதிர்ஷ்டம். உறைதான் நாறுகிறது. துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவிட்டுத்தான் பிரிக்கிறேன். "என்ன சார், அக்கா லெட்டரைத் துவைச்சுட்டீங்களா?" என்கிறார் மருந்துக்கடைக்காரர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியதை என் சொற்களில் திருப்பிச் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்து. ஆலை விடுதியில் இருக்கும் இருநூறு பேருக்கும் ஒரே நாளில் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தீர்கள். அறுபது பேருக்குத் தொற்று. அந்த அறுபதில் நாற்பத்தெட்டுப் பேர் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். ஆகவே தொற்று வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு, அதாவது எண்பது சதவீதம் பேருக்கு, அறிகுறியே இல்லை. மேனேஜர் இதைச் சுகாதார அலுவலகத்துக்கு எழுதி, அந்த நாற்பத்தெட்டுப் பேரையும் தனி ஷிப்டில் வேலைக்கு விட அனுமதி கேட்கப் போகிறார். ஆலை மருத்துவர் என்ற முறையில் நீ கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் கணக்கைப் பார்த்துச் சொல்லச் சொல்கிறாய்.

வகுத்தல் சரி. எல்லோரையும் சோதித்தது அதைவிடச் சரி, அதற்கு முழு மதிப்பெண். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் எல்லோருக்கும் அறிகுறி இருந்திருக்கும். பல் டாக்டர் வாசலில் நின்றுகொண்டு, ஊரில் எல்லோருக்கும் பல்வலி என்று எழுதுவது போல ஆகியிருக்கும்.

ஆனால் சோதித்த அன்றைக்கே கேட்டிருக்கிறாய். பரீட்சை தொடங்கி அரை மணி நேரத்தில் ஹாலைச் சுற்றி வந்தால், கூடுதல் தாள் வாங்காதவர்கள் ஐந்தில் நான்கு பேர் இருப்பார்கள். அதை வைத்து, "இந்த வகுப்பில் ஐந்தில் நான்கு பேர் கூடுதல் தாளே வாங்குவதில்லை" என்று எழுதலாமா? மணி அடிக்கும்வரை காத்திருக்க வேண்டாமா? இன்று ஒன்றுமில்லை என்பவர்களில் பாதிப் பேருக்கு நாலு நாள் கழித்துக் காய்ச்சல் வரலாம். இரண்டு வாரம் போகட்டும். அதே நாற்பத்தெட்டுப் பேரிடம் மறுபடி கேள். அதுவரை கையெழுத்துப் போடாதே.

இன்னொன்றும் தெரிய வேண்டும். அவர்களிடம் கேட்டது யார்? எங்கே வைத்து, என்ன வார்த்தையில் கேட்டார்கள்?

வேளைக்குச் சாப்பிடு. சர்க்கரை மாத்திரையை மறக்காதே.

அன்புடன்,
உன் தம்பி


ஜூன் 5

அன்புள்ள தம்பிக்கு,

நீ ஓய்வு பெற்றாய், உன் சிவப்பு மை இன்னும் ஓய்வு பெறவில்லை. மூன்று வயது மூத்தவள் என்ற மரியாதைக்காவது ஓரத்தில் ஒரு சரி போட்டிருக்கலாம்.

கேட்டது நானில்லை. அறுபது பேரைத் தனித்தனியாகக் கேட்க எனக்கு எத்தனை வாய் இருக்கிறது? எனக்கு ஒரு நர்ஸ், அவளும் லீவில் இருக்கிறாள். சூப்பர்வைசர்தான் அறுபது பேரையும் விடுதி வராந்தாவில் நிறுத்தி மைக்கில் கேட்டார். "உடம்பு முடியாதவங்க இந்தப் பக்கம் வாங்க. நல்லா இருக்கிறவங்க அங்கேயே நில்லுங்க." பன்னிரண்டு பேர் வந்தார்கள். முன்பே எல்லோரிடமும் சொன்னபடி அவர்களை இறகுக் கொட்டகையில் தனியாக வைத்திருக்கிறோம். முன்பு கோழி இறகைக் குவித்து வைத்த இடம். நல்ல இடம் என்று சொல்ல மாட்டேன். ஒரே கழிப்பறை, அதுவும் அடைத்துக்கொண்டு வாசல்வரை வழிகிறது. சுவரில் ஒட்டிய பழைய இறகு ஈரத்தில் அழுகிக் கிடக்கிறது. நான் போகும்போது கைக்குட்டையில் தைலம் தடவி மூக்கில் அழுத்திக்கொண்டுதான் போகிறேன். சரி செய்யச் சொல்லியிருக்கிறேன். செய்வார்கள்.

அறிகுறி இல்லாதவர்களே இல்லை என்பது போல எழுதுகிறாயே, இங்கே வந்து பார். குளிர் அறையில் பெட்டி அடுக்குகிறவர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பாட்டுக்காரர் என்பார்கள். தொற்று உறுதி. ஒரு தும்மல்கூட இல்லை. வேலைக்கு விடவில்லை என்று விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து பாடிப் பாடி எல்லோர் உயிரையும் வாங்குகிறார்.

சிட்டு கதையைச் சொன்னால் நீயே சிரிப்பாய். நாற்பத்தெட்டில் ஒருத்தி, குடல் அறையில் வேலை செய்கிறவள். கோழியின் வயிற்றிலிருந்து எல்லாவற்றையும் உருவித் தள்ளுகிற அறை அது. அந்த நாற்றம் தோலுக்குள் போய்விடும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. சின்ன உருவம், வாய் மட்டும் பெரிது. நேற்று வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, எனக்கு வந்தது நோய் இல்ல, யோகம். இங்க சேர்ந்ததுல இருந்து நேத்துதான் முதல் தடவையா நாத்தம் இல்லாம சோறு தின்னேன்!" பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. "அவ மூக்குக்கு மட்டும் லீவு குடுத்திருக்காங்க டாக்டரம்மா. எங்களுக்கும் ஒரு நாள் வாங்கிக் குடுங்க." விடுதியே சிரித்தது. இந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா?

இரண்டு வாரம் காத்திரு என்கிறாய். இங்கே காத்திருப்பது என்றால் மூடுவது. மூடினால் விடுதியும் மூடும், அதுவும் ஆலையுடையதுதான். பாயைச் சுருட்டிக்கொண்டு இருநூறு பேரும் எங்கே போவார்கள்? உன் பரீட்சை ஹாலுக்கா? இந்த வயதில் எனக்கும் வேறு யார் வேலை தரப்போகிறார்கள்? மேனேஜர் நாளைக்குக் கையெழுத்துக் கேட்கிறார். நல்ல பதிலாக எழுது.

உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். ஹாரனிடம் வாங்கிக்கொள். பாதியை அவரே தடவிக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 5, மாலை

அக்கா,

ஹாரனை நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். திட்டுகிறார், திட்டட்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கை கழுவினேன். மறுபடி படித்தேன், மறுபடி கழுவினேன். உறை நாறியதற்காக இல்லை.

ஒரு மனிதனுக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்று வைத்துக்கொள். எதிரில் மைக்கோடு சூப்பர்வைசர். "முடியாதவங்க இந்தப் பக்கம்" என்கிறார். இந்தப் பக்கம் என்றால் எது என்று எல்லோருக்கும் தெரியும். மலம் வழிகிற கழிப்பறை, அழுகிய இறகு. அவன் அசைவானா? எங்கள் தலைமையாசிரியர் பிரம்போடு நுழைந்து, "வீட்டுப்பாடம் செய்யாதவன் எழுந்திரு" என்பார். அந்த நாட்களில் எங்கள் பள்ளியில் வீட்டுப்பாடம் செய்யாதவனே கிடையாது.

நீ அளந்தது கிருமியை இல்லை அக்கா, அந்தக் கழிப்பறையை. அது இன்னும் கொஞ்சம் நாறினால் உன் எண்பது தொண்ணூறு ஆகும். யாராவது கழுவிச் சுண்ணாம்பு அடித்தால் அறுபதுக்கு இறங்கும். கழிப்பறையைப் பார்த்து ஏறி இறங்கும் கிருமி உலகத்தில் உண்டா?

சிட்டு கதைக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்கடைப்பு இல்லாமலே வாசனை தெரியாமல் போவது இந்தத் தொற்றின் அடையாளம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான், போன மாதக் கடிதத்தில். அந்தப் பெண் உன் எதிரில் வந்து நின்று தன் அறிகுறியைத் தன் வாயால் சொல்லியிருக்கிறாள். அது நோய் என்று அவளுக்குத் தெரியாது. நாற்றத்திலேயே வாழ்கிறவளுக்கு அது நின்றது விடுதலையாகத்தான் தெரியும். உனக்குத் தெரியும். தெரிந்தும் அவளை "ஒன்றுமில்லை" பக்கத்தில் விட்டுவிட்டு, சிரிப்புச் சத்தத்தை எனக்கு எழுதி அனுப்புகிறாய்.

பாட்டுக்காரர் போன்றவர்கள் உண்டு. நான் மறுக்கவே இல்லை. கடைசிவரை ஒன்றும் வராமலே போகிறவர்கள் ஐந்தில் ஒருவரோ, மூன்றில் ஒருவரோ, பாதியோ, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வது நல்ல வேலை, அவசியமான வேலையும்கூட. அவர் பாடும்போது கிருமியும் சேர்ந்துதான் வெளியே வருகிறது. அவருக்கு ஒன்றுமில்லை என்றால் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஒன்றுமில்லை என்று ஆகாது. ஆனால் அவரைச் சரியாக எண்ண வேண்டுமென்றால் சிட்டுவை அவரோடு சேர்க்கக் கூடாது. கல்லையும் அரிசியையும் சேர்த்து நிறுத்துவிட்டு அரிசி நல்ல எடை என்று பெருமைப்படுவதா?

வழி இருக்கிறது. கொட்டகையைக் கழுவச் சொல், அல்லது வேறு இடம் பார். முடியாது என்பவனுக்கும் கூலி உண்டு, விடுதியில் இடம் உண்டு என்று மேனேஜர் வாயால் சொல்ல வை. பிறகு நீயே போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கேள். "ஒன்றுமில்லையே?" என்று கேட்காதே. "இருமல் உண்டா, உடம்பு வலிக்கிறதா, சோற்றில் ருசி தெரிகிறதா, வாசனை தெரிகிறதா?" என்று ஒவ்வொன்றாகக் கேள். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேள். அன்றைக்கு வரும் எண் எதுவானாலும் அதன் கீழே கையெழுத்துப் போடு. மேனேஜர் அவசரப்பட்டால், "இப்போதைக்குத் தெரியாது" என்று எழுதிக் கொடு. தெரியாது என்று எழுதுவதற்கு ஒரு டாக்டருக்கு எதற்கு வெட்கம்?

ஆலை மூடினால் அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டாய். நியாயமான கேள்வி. அதை மேனேஜரிடம் கேள். எண்பதிடம் கேட்காதே.

தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் திட்டித்தான் எழுதியிருப்பேன்.

அறிக்கை மறுநாளே போய்விட்டது. கையெழுத்துப் போட்டேன். நீ எழுதியதை எல்லாம் மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தேன், நம்பினால் நம்பு. "டாக்டர், உங்க தம்பி பாடம் எடுக்க நம்மகிட்ட நேரம் இல்ல" என்றார். சுகாதார அலுவலகம் அனுமதி கொடுத்துவிட்டது. பாராட்டுக் கடிதம்கூட வந்தது. பக்கத்தில் இருக்கும் இரண்டு ஆலைகளிலும் திங்கட்கிழமை முதல் நம் எண்ணை வைத்துத்தான் தனி ஷிப்ட் தொடங்கப் போகிறார்கள்.

ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி நீ குதிக்கக் கூடாது. அறிக்கையில் உன் பெயர் இல்லை. "கணக்கு, அனுபவமிக்க ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரால் சரிபார்க்கப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. மேனேஜர்தான் சேர்க்கச் சொன்னார். பொய் இல்லையே? "வகுத்தல் சரி" என்று நீதானே எழுதினாய்?

சிட்டுவை முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வேலை செய்துகொண்டிருந்தவள் கோழி நகரும் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாளாம். மூச்சு விட முடியவில்லை. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வாள் என்றுதான் நினைக்கிறேன், வயது இருக்கிறது. தனி ஷிப்டில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் படுத்துவிட்டார்கள். அறிக்கையில் அவர்கள் எந்தப் பக்கம் என்று நீ கேட்பாய். கேட்காதே.

இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து அருவருப்புப் படுவது சுலபம், தம்பி. ஒரு வாரம் இங்கே இருந்து பார், எல்லாம் பழகிவிடும். நாற்றம் என்பதே பாதி மனசுதான். முந்தாநாளிலிருந்து கொட்டகைக்குக் கைக்குட்டை இல்லாமலே போய்வருகிறேன். நேற்றுக் குடல் அறை ஜன்னலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒன்றுமே தெரியவில்லை. சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "டாக்டரம்மாவும் நம்ம ஆள் ஆயிட்டாங்க" என்றார்.

மேனேஜர் ஒரு பெட்டி ஆப்பிள் அனுப்பினார். அத்தனையும் பஞ்சு மாதிரி, ருசியே இல்லை. எந்தக் கிடங்கில் கிடந்ததோ. உனக்கு அனுப்பவில்லை.

கொஞ்சம் அலுப்பாக இருக்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கு எனக்கும்தான் சோதித்தார்கள், தொற்று இல்லை. உன் சிவப்பு மையை எடுத்து உள்ளே வைக்கும்வரை எனக்கு எழுத வேண்டாம்.

அக்கா


ஜூன் 18

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை சுகாதார அலுவலகத்துக்கு என் பெயர், விலாசம் போட்டுக் கடிதம் அனுப்பிவிட்டேன். அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் நான்தான் என்றும், நான் சரிபார்த்தது ஒரு வகுத்தலை மட்டும்தான் என்றும், இரண்டு வாரம் காத்திருக்கும்படி அதே கடிதத்தில் சொன்னேன் என்றும் எழுதினேன். மைக், கொட்டகை, கழிப்பறை, சிட்டு எல்லாவற்றையும் எழுதினேன். திங்கட்கிழமைக்கு முன் அந்த இரண்டு ஆலைகளையும் நிறுத்தும்படி கேட்டிருக்கிறேன். உன் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்துதான் அனுப்பினேன். உன் முதுகுக்குப் பின்னால் செய்ததாக இருக்கக் கூடாது என்பதால் உன்னிடம் சொல்கிறேன்.

என் கடிதத்தில் இருந்த நூறு வாக்கியங்களில் இரண்டு சொல்லை மட்டும் கத்தரித்து எடுத்து, அந்த அசிங்கத்தின் மேல் முத்திரையாகக் குத்தியிருக்கிறீர்கள். மேனேஜர் செய்திருந்தால் துப்பிவிட்டுப் போயிருப்பேன். நீ செய்ததுதான் தொண்டையிலேயே நிற்கிறது. இதற்கு ஒரு நாள் உட்கார்ந்து நன்றாகச் சண்டை போடுவோம். அந்தச் சண்டைக்கு நீ இருக்க வேண்டும்.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியைப் பலமுறை படித்தேன். முதல் தடவை கோபத்தில் தாண்டிப் போய்விட்டேன். ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாய், ஒன்றுமே தெரியவில்லை. ஆப்பிளில் ருசி இல்லை. அலுப்பாக இருக்கிறது.

அது பழக்கம் இல்லை அக்கா. அத்தனை நாள் குடல் அறையில் நின்ற சிட்டுவுக்கே பழகாத நாற்றம், கைக்குட்டையோடு நடந்த உனக்கு ஒரே நாளில் எப்படிப் பழகும்? சோதித்த அன்றைக்குத் தொற்று இல்லை என்றால் அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீ கொட்டகைக்கும் விடுதிக்கும் எத்தனை முறை போய்வந்தாய்? இந்த நிமிஷம் உன் ஆலையில் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டு எல்லோர் நாடியையும் பிடித்துப் பார்க்கிற ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு வயதும் ஆகிவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது. அவளை எந்தப் பக்கத்தில் எண்ணுவது?

மருந்துக்கடைக்காரரை விட்டு இரண்டு முறை உனக்குப் போன் போட வைத்தேன். நீ எடுக்கவில்லை. என் மேல் கோபம், அதனால் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஹாரன் வாசலில் நிற்கிறார். எப்போதும் என்னைத் திட்டுகிறவர் இன்று திட்டவில்லை. "அவங்க கையிலயே குடுத்துட்டு, படிச்சு முடிக்கிற வரைக்கும் வெளியில நிக்கிறேன் சார், பதில் வாங்காம வரமாட்டேன்" என்கிறார். மூச்சு வாங்கினால் மேனேஜரைக் கேட்காதே, அந்த வண்டியிலேயே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. சிட்டு இருக்கிற அதே ஆஸ்பத்திரிக்கு. நான் அங்கே வந்துவிடுகிறேன். முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதே.

என் மேல் உள்ள கோபத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வை. எழுந்து குளியலறைக்குப் போ. சோப்பைக் கையில் எடு. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்.

உன் தம்பி